12 வயது பஜேரோவுக்கு ஐந்து வருடக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு குழந்தைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பள்ளி, அலுவலகம் என்று தினமும் 30 கி.மீ. ஓட்டம். மாதம் இரண்டு முறை எங்கள் தோட்டத்துக்குப் போய்வருவோம். போகவர 180 கி.மீ., அதில் கடைசி நான்கு கி.மீ. மண் ரோடு. மழைக்காலத்தில் அது சேறாகிவிடும், போன வருடம் எங்கள் சின்னக் கார் இரண்டு முறை மாட்டிக்கொண்டது. இப்போது 12 வருடப் பழைய மிட்சுபிஷி பஜேரோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஏழு சீட், டீசல், 1,60,000 கி.மீ. ஓடியது. ஒரு புதிய சின்னக் கார் என்ன விலையோ அதே விலை. அதில் 40 சதவீதம் எங்கள் மொத்தச் சேமிப்பிலிருந்து போட்டு, மீதி 60 சதவீதத்துக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் வாங்கலாம் என்கிறார் கணவர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரி வண்டி மேல் ஆசை. பழைய மூன்று கதவு சுசுகி ஜிம்னி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்கலாம், ஐயா?

பதில்: ஜிம்னியை முதலில் தள்ளிவிடுவோம். அதில் நான்கு சீட், நீங்கள் ஐந்து பேர். இப்போது வரும் மூன்று கதவு ஜிம்னியிலேயே பின் சீட்டை மடக்காவிட்டால் சாமான் வைக்க 85 லிட்டர் இடம்தான். இரண்டு பள்ளிப் பைகள் வைத்தால் தீர்ந்தது. சேற்றில் அது கில்லாடி, அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு வண்டி அது இல்லை.

இனி பஜேரோ. நல்ல வண்டியைத்தான் பார்த்திருக்கிறார் உங்கள் கணவர். எஞ்ஜின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகக்கூடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பல, தார் ரோட்டில் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை கொடுத்துத்தான் ஓட வேண்டும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் சுற்றுகின்றன. முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு நடுவில் இல்லாத வண்டியில் இரண்டும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டியிருப்பதால், பிடிப்பான ரோட்டில் கியர்களும் ஆக்ஸிலும் முறுக்கிக்கொள்ளும். பஜேரோவின் பல வகைகளில் வரும் ‘சூப்பர் செலக்ட்’ அமைப்பில் நடு டிஃபரன்ஷியல் உண்டு. அதனால் மழையில் நனைந்த தார் ரோட்டிலும் நான்கு சக்கரத்தையும் பயமில்லாமல் ஓட்டலாம். 1999-இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையும் அதற்கு அடுத்ததும் தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியோடு சேர்த்துக் கட்டியவை என்பதால், லாரி மாதிரி தூக்கிப் போடாது. நீங்கள் பார்த்த வண்டியில் இருப்பது சூப்பர் செலக்ட்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வகையிலும் அது வரவில்லை.

சரி, வண்டி நல்லது என்றால் வாங்கிவிடலாமே? இங்கேதான் நான் தயங்குகிறேன். பழைய பெரிய வண்டியில் விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது. அதன் டயர், பிரேக், சஸ்பென்ஷன், டீசல் இன்ஜெக்டர் எதுவும் விலை இறங்கவில்லை. அவையெல்லாம் அந்த வண்டி புதிதாக விற்றபோது எவ்வளவு பெரிய வண்டியோ அந்தக் கணக்கில்தான் இன்றும் விற்கின்றன. சின்னக் கார் விலையில் கிடைக்கிறதே என்று வாங்குபவர், சின்னக் கார் பட்ஜெட்டில் அதைப் பராமரிக்கப் பார்ப்பார். எட்டாவது மாதம் வண்டி மெக்கானிக் ஷெட்டில் நிற்கும், தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கும். பஜேரோவின் தயாரிப்பே 2021-இல் நின்றுவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். சாதாரண பாகங்கள் கிடைக்கும். ஆனால் எந்த மெக்கானிக்கிடம் விடப்போகிறீர்களோ அவரிடம், பாகங்கள் எத்தனை நாளில் வரும் என்று வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது.

கணக்கைப் போடுவோம். ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால் வண்டி விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் 40 போக 60 கடன். 12 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 1.33 கட்ட வேண்டும். 60 மாதத்தில் கட்டி முடிப்பது 80. ஆக 100 வண்டிக்கு 120 கொடுக்கிறீர்கள், கடைசித் தவணை கட்டும்போது வண்டிக்கு வயது 17. இதற்கு மேல், இந்த வயது வண்டியை வாங்கிய முதல் வருடத்தில் விலையில் 15 முதல் 20 சதவீதம் வேலைக்கென்றே போகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். இது என் அனுபவக் கணக்கு, சூத்திரம் இல்லை. டயர், பேட்டரி, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், கூலன்ட் ஹோஸ், எல்லா ஆயிலும் மாற்றினாலே பாதி போய்விடும். அந்த 15 எங்கே இருக்கிறது? 40-ஐயும் முன்பணமாகப் போட்டாயிற்றே.

அடுத்தது எரிபொருள். உங்கள் ஓட்டத்தைக் கூட்டினால் வருடத்துக்கு ஏறக்குறைய 15,000 கி.மீ. வருகிறது. பஜேரோ லிட்டருக்கு 8 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (விற்பவர் 12 என்பார், சிரித்துவிட்டு 8 என்றே எழுதிக்கொள்ளுங்கள்). அதே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு நடுத்தரக் கிராஸ்ஓவர், அதாவது காரைப் போலக் கட்டிய உயரமான வண்டி, 14 கொடுக்கும். ஒன்றுக்கு 1,875 லிட்டர், மற்றதற்கு 1,071. வித்தியாசம் 800 லிட்டர் சொச்சம். இப்போது ஒரு கேள்வி: வருடத்தில் 24 முறை தோட்டத்துக்குப் போகிறீர்கள், அதில் எத்தனை முறை உண்மையிலேயே சேறு இருந்தது? நான்கு மாத மழையில் எட்டு முறை என்று தாராளமாக வைக்கிறேன். அந்த எட்டு நாளுக்காக 800 லிட்டர் கூடுதலாக எரிக்கிறீர்கள். ஒரு சேற்றுப் பயணத்துக்கு 100 லிட்டர். அந்த எட்டு நாளும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள். ஒருவேளை வாடகையே மலிவாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம், பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போன வருடம் மாட்டிக்கொண்டது எதனால் என்பதையும் யோசியுங்கள். வண்டியின் அடிவயிறு மண்மேட்டில் உட்கார்ந்ததா, சக்கரம் வழுக்கிச் சுற்றியதா? முன்னது உயரப் பிரச்சினை, பின்னது பிடிப்புப் பிரச்சினை. உயரம்தான் காரணம் என்றால் 200 மி.மீ. அளவுக்குத் தரை இடைவெளி உள்ள எந்த வண்டியும் போதும். வழுக்கல் என்றால் முதலில் டயரைப் பாருங்கள். தேய்ந்த டயரோடு நான்கு சக்கரம் சுற்றினாலும் நான்கும் சேர்ந்து வழுக்கும். இன்னொன்று, ஃபோர் வீல் டிரைவ் என்பது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் பிடிப்பது எல்லா வண்டியிலும் நான்கு சக்கரம்தான். சேற்றில் நம்பிக்கையோடு இறங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வண்டியில் டிபிஎஃப் எனப்படும் புகை வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள ஓரளவு வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிவரை, அலுவலகம்வரை என்று நின்று நின்று போகும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெரிய செலவு. உங்கள் தினசரி 30 கி.மீ. எப்படிப்பட்ட 30 என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என் கதையும் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒன்றை வாங்கினேன். பளபளவென்று இருந்தது, சர்வீஸ் புத்தகம் முழுவதும் முத்திரை. முதல் மழையில் ஒரு வயல் வரப்போரம் சிக்கியதும் பெருமையோடு ஃபோர் வீல் டிரைவ் குமிழைத் திருப்பினேன். டேஷ்போர்டில் பச்சை விளக்கு மினுக்கியது, மினுக்கியது, மினுக்கிக்கொண்டே இருந்தது. முன் சக்கரம் அசையவில்லை. பழைய உரிமையாளர் ஐந்தாறு வருடமாக அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. உள்ளே இணைக்கும் பாகம் துருவேறி இறுகிவிட்டது. டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்தபோது ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஆகவே கணவருக்கு இந்த வண்டியேதான் வேண்டும் என்றால், ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மண் தரையில் நிறுத்தி ஃபோர் வீல், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் இரண்டையும் போட்டு, விளக்கு மினுக்காமல் நிலைத்து எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், போகும்போது எஞ்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் உங்களுக்காகவே முன்கூட்டி ஓட விட்டிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது நீலப் புகை வந்தால் எஞ்ஜின் ஆயில் எரிகிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் முன் ஆக்ஸில் மூட்டு தேய்ந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வெளியே தெரியாத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. சீட் தண்டவாளத்தில் மணலும் அதையே சொல்லும். உயரத்தைக் கூட்டி, பெரிய டயர் மாட்டிய வண்டி என்றால் வேண்டவே வேண்டாம். ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் என்றால் விபத்தின்போது இழப்பீட்டிலும் சிக்கல் வரும். இதையெல்லாம் நீங்கள் பார்த்த பிறகும், உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேரம் முடிந்தது.

விலை பேசும் முன் மாமியாரை அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அந்த உயரம் தினசரித் தண்டனை. என் அம்மாவுக்காக வண்டியில் ஒரு குட்டி முக்காலியைப் போட்டு வைத்திருந்தேன், மூன்று மாதத்தில் அவர் எங்களோடு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். நான்கு வயதுக் குழந்தையின் சீட்டை மாட்ட ஐஸோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, எல்லா இருக்கையிலும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உயரமான வண்டி சட்டென ஒடித்தால் கவிழும் வாய்ப்பு அதிகம், எனவே வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்துச் சமாளிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத வண்டியில் குழந்தைகளை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

என் யோசனை இது. பஜேரோ விலை 100 என்ற அதே கணக்கில் 60-க்குள் வரும், ஐந்தாறு வருடப் பழைய, உயரமான கிராஸ்ஓவர் ஒன்றைத் தேடுங்கள். சுபாரு ஃபாரஸ்டர் மாதிரி 220 மி.மீ. இடைவெளியும் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும் நிரந்தர ஆல் வீல் டிரைவும் உள்ளது அந்த விலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஆல் வீல் டிரைவ் வண்டியில் ஒரு டயர் போனால் பெரும்பாலும் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு சக்கர டிரைவே போதும், நல்ல டயர் போட்டுக்கொண்டு. கையிலிருந்து 30 போடுங்கள், 10-ஐத் தொடாதீர்கள். மீதி 30-க்கு மூன்று வருடக் கடன்; மாதத் தவணை 1 வரும், மொத்தம் கட்டுவது 36. பஜேரோவின் தவணைக்கு ஒதுக்கத் தயாராக இருந்த 1.33-இல் மிஞ்சும் 0.33-ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வந்தால், கடன் முடியும்போது 12 சேர்ந்திருக்கும். வண்டி வேலைக்கு அதிலிருந்து எடுங்கள்.

கணவரின் ஆசையை நான் கிண்டல் செய்யவில்லை. கடன் இல்லாமல், இரண்டாவது வண்டியாக, அவரே சனிக்கிழமைகளில் கையில் கிரீஸோடு படுத்து எழுந்திருக்கத் தயாராக இருக்கும் ஒரு காலத்தில், பழைய பஜேரோவைவிட நல்ல பொழுதுபோக்கு குறைவு. 12 வயதைத் தாண்டிய வண்டியின் விலை இனி மெதுவாகத்தான் இறங்கும், ஐந்து வருடம் பொறுத்து வாங்கினாலும் அவர் எதையும் இழக்கப்போவதில்லை.

முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. கொடுத்திருந்தால், மெக்கானிக் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வாங்குவோம், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும் என்று இன்றைக்கே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால், முதலில் அந்த நான்கு கி.மீ. ரோட்டை அடுத்த மழையில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.