மூடாத பேனல், நனைந்த பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள பட்டறைகள், கிடங்குகள், ஐஸ் பாக்டரிகளில் இருந்து வந்தவை. மழைக்காலம் முடிந்ததும் வழக்கமாக வரும் கேள்விகள்தான். எல்லாம் பேனல் பெட்டியை, அதாவது மெயின் சுவிட்சும் ஃப்யூஸும் இருக்கும் மின்பெட்டியைப் பற்றியே இருப்பதால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் சாமானைக் காப்பது பெட்டியின் இரண்டாவது வேலை. அதன் எதிரில் நிற்கும் ஆளைக் காப்பதுதான் முதல் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் கண்டுபிடித்திருப்பீர்கள்.

எங்கள் ஐஸ் பாக்டரியின் இரும்பு பேனல் இரண்டே வருடத்தில் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. ஐ.பி. 55 என்று சொல்லித்தான் விற்றார்கள். மறுபடி பெயின்ட் அடித்தால் தாங்குமா? (காசிமேடு)

தாங்காது. ஐ.பி. எண்ணின் முதல் இலக்கம் விரல், கம்பி, தூசி உள்ளே போவதைப் பற்றியது. இரண்டாவது இலக்கம் தண்ணீரைப் பற்றியது. உப்புக்காற்றைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பவுடர் கோட்டிங் செய்த தகட்டுப் பெட்டியில் துளை போட்ட விளிம்பிலும் ஸ்குரூ ஏறிய இடத்திலும் துரு தொடங்கி, கோட்டிங்குக்கு அடியில் பரவிக்கொண்டே போகும். மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும்.

எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) அல்லது பாலிகார்பனேட் பெட்டி வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 316 தரம். 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகக் கறைபிடிக்கும். உங்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. ஐஸ் உறையவைக்கப் பயன்படுத்தும் அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கம்ப்ரெசர் அறைக்குள் பேனலை வைக்காமல் தனி அறைக்கு மாற்றுங்கள். அங்கேயும் பித்தளை கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் பூண்) வேண்டாம். ஒரு எச்சரிக்கை: எஃப்.ஆர்.பி. மின்சாரத்தைக் கடத்தாது. எனவே உலோக கிளாண்டுகளையும் கேபிளின் ஆர்மரையும் (அதைச் சுற்றியுள்ள கம்பிக் கவசம்) எர்த் டேக் என்ற உலோக வளையம் போட்டுத் தனியாக எர்த் செய்தே ஆக வேண்டும். பழைய பெட்டியின் ஓட்டைக்குள் விரல் நுழையும் என்றால், புதியது வரும்வரை காத்திருக்காமல், சப்ளையை அணைத்துவிட்டு அந்த ஓட்டையை இன்றே அடையுங்கள்.

ஐ.பி. 65 பெட்டி வாங்கினோம். மழையில் உள்ளே தண்ணீர் நிற்கிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? (திருவொற்றியூர்)

கேபிள் எந்தப் பக்கமாக நுழைகிறது, கிளாண்ட் போட்டீர்களா, பெட்டி வெயிலில் இருக்கிறதா என்று ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். என் ஊகம்: கேபிளை மேல்பக்கமாக இறக்கியிருக்கிறீர்கள்.

ஐ.பி. 65 என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அந்தப் பெட்டி வாங்கிய மதிப்பெண். வயர்மேன் அதில் ஹோல் சா வைத்து மேலே ஒரு துளை போட்டு, கேபிளைச் சொருகி, சுற்றிலும் கொஞ்சம் பசை அப்பிவிட்டுப் போனால் அந்த மதிப்பெண் அன்றோடு போய்விடுகிறது. கேபிள் கீழ்ப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு சாண் அளவாவது கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் கேபிள் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிளின் குறுக்களவுக்குச் சரியான கிளாண்ட் போடுங்கள். பயன்படாத துளைகளுக்கு அடைப்பான் போடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தண்ணீர் நின்றால் அது மழைத்தண்ணீர் அல்ல, வியர்வை. வெயிலில் காய்ந்த பெட்டிமேல் திடீரென மழை பெய்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் இரவில் உள்சுவரில் துளியாகப் படியும். இதற்கு பிரீதர் டிரெயின் என்ற சிறிய வடிகால் அடைப்பான் உண்டு. பெரிய பேனல் என்றால் உள்ளே சிறிய ஸ்பேஸ் ஹீட்டர் வையுங்கள்.

ஐ.பி. 66-ஐவிட 67 உயர்ந்ததுதானே? மீன் ஏலக்கூடத்தை ஹோஸ் வைத்துக் கழுவுவோம். (ராயபுரம்)

இல்லை. 67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்து பிழைப்பது. 66 என்பது வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குவது. ஒன்றில் தேறியது இன்னொன்றிலும் தேறும் என்பதில்லை. உங்களுக்கு வேண்டியது 66.

பேனலுக்குள் இரண்டு 10 ஹெச்.பி. டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு சாதனம்) இருக்கிறது. கோடையில் சூடாகி டிரிப் ஆகிறது. பேனல் கதவைத் திறந்துவைத்து ஃபேன் போட்டதும் சரியாகிவிட்டது. இதற்கு எந்த அளவு ஃபேன் நல்லது? (வியாசர்பாடி, லேத் பட்டறை)

சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் சரியாகவில்லை.

வடசென்னையில் நான் நுழைந்த பட்டறைகளில் பெரும்பாலானவற்றில் மே மாதத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பேனல் கதவு முழுக்கத் திறந்திருக்கும்; அது காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்திருப்பார்கள். எதிரில் ஸ்டூல்மேல் ஒரு டேபிள் ஃபேன். ஒரு பட்டறையில் அந்த ஃபேனுக்குப் பிளக்கே இல்லை. வயரின் இரண்டு முனைகளையும் உரித்து நேராகச் சாக்கெட்டில் விட்டு, கழன்றுவிடாமல் இருக்கத் தீக்குச்சிகளைச் சொருகியிருந்தார்கள். அதற்கு ஒரு முழம் தள்ளி 415 வோல்ட் பஸ்பார் (மின்சாரம் ஓடும் செம்புப் பட்டை) திறந்து கிடக்கிறது. அந்த இடுக்கு வழியாக ஒரு பையன் தோளில் கம்பியைச் சுமந்துகொண்டு போய்வருகிறான்.

அந்தப் பையனின் கம்பி திரும்பும்போது பஸ்பாரில் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா? ஷாக் மட்டுமல்ல. இரண்டு பேஸ் ஒன்றோடொன்று பொறிந்தால் செம்பே ஆவியாகும். வெடித்து முகத்தில் அடிப்பது பல ஆயிரம் டிகிரி வெப்பம். சாதாரண பேனல் கதவு அந்த வெடிப்பை முழுவதும் தாங்கும் என்று யாரும் சான்று கொடுப்பதில்லை. ஆனால் கம்பி பஸ்பார் பக்கம் போகாமல் தடுப்பதும் அந்தக் கதவுதான், தெறிக்கும் பொறிக்கும் முகத்துக்கும் நடுவே நிற்பதும் அதுதான். அதைத்தான் நீங்கள் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஃபேன் செய்யும் இன்னொரு வேலையும் இருக்கிறது. பட்டறைக் காற்றில் இருக்கும் வார்ப்பிரும்புத் தூளை அது டிரைவின் சர்க்யூட் போர்டு மேல் வாரிக் கொட்டுகிறது. அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த மழையில் ஈரமும் சேர்ந்தால் டிரைவ் எரியும். நாற்பதாயிரம் ரூபாய் டிரைவ் எரிந்தால் மட்டும் எல்லோருக்கும் வலிக்கிறது, எனவே இதையும் சொல்கிறேன்.

இனிக் கணக்கு. இரண்டு 10 ஹெச்.பி. டிரைவ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும் சக்தியில் சுமார் 3 சதவீதம் வெப்பமாகப் போகும் என்று வைத்தால், இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 500 வாட். பெயின்ட் அடித்த தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஐந்தரை வாட் வெப்பத்தை வெளியேற்றும். காற்றுப்படும் பரப்பு 3 சதுர மீட்டர் என்றால் பெட்டியின் உள்ளே வெளியைவிட 30 டிகிரி கூடும். பட்டறையில் 38 இருந்தால் உள்ளே 68. பெரும்பாலான டிரைவ்கள் 40 முதல் 50 வரைதான் ஒத்துக்கொள்ளும். டிரிப் ஆவதில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு வழி, கதவிலேயே பொருத்தும் ஃபில்டர் ஃபேன். கீழே உள்ளிழுக்கும் ஃபேன், மேலே எதிர்ப்பக்கத்தில் வெளியேற்றும் கிரில். உள்ளே 10 டிகிரிக்கு மேல் கூடாமல் இருக்க மணிக்குச் சுமார் 150 கன மீட்டர் காற்று போதும். ஃபில்டர் அடைத்துக்கொள்வதையும் சேர்த்து 200 முதல் 250 என்று வாங்குங்கள். ஐ.பி. 54 ஃபில்டரோடு சில ஆயிரம் ரூபாய்தான். ஃபில்டர் பாயை மாதம் ஒரு முறை தட்டிக் கழுவுங்கள். தூள் மிக அதிகம் என்றால் பேனல் ஏ.சி. வையுங்கள், அது வெளிக்காற்றை உள்ளே விடாது. மேற்கு வெயில் படும் தகரச் சுவரில் பேனல் இருந்தால் இடம் மாற்றுங்கள், சூடு குறையும்.

இந்த வேலையைச் செய்ய உள்ளே கைவைக்கும் முன் இரண்டு விஷயம். மெயினை அணைத்தாலும் மெயின் சுவிட்சுக்கு வரும் முனைகளில் சப்ளை இருந்துகொண்டேதான் இருக்கும். டிரைவின் கெப்பாசிட்டரில் 550 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். அணைத்தபின் குறைந்தது ஐந்து நிமிடம், டிரைவின் மேல் அதற்கு மேல் எழுதியிருந்தால் அவ்வளவு நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். நியான் டெஸ்டரை நம்பாதீர்கள்.

பேனலுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளை அடுக்கலாமா? (பெரம்பூர், அச்சகம்)

கூடாது. முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால் அங்கே இடைவெளி 20 செ.மீ.-க்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 செ.மீ.-க்கு அதிகமாக இருக்க வேண்டும்: ஆள் நுழையவே முடியாது, இல்லையென்றால் நின்று வேலை செய்ய முடியும். இது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலிருந்தே உள்ளது. அச்சகத்துக் காகிதத்தை அங்கே வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளத்தில் பேனல் பாதி மூழ்கியது. மூன்று நாள் வெயிலில் காயவைத்துவிட்டோம். போடலாமா? (எர்ணாவூர்)

போடாதீர்கள். தண்ணீர் காய்ந்துவிடும், அதில் இருந்த உப்பும் சேறும் அப்படியே இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பகுதியில் எண்ணெயும் சேர்ந்து வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூழ்கிய எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் விழும் சுவிட்ச்), காண்டாக்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் காந்த சுவிட்ச்) எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது என்று சமாதானம் சொல்ல வேண்டாம். பஸ்பாரையும் பெட்டியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைத்து, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் சப்ளை கொடுக்கக் கூடாது. புதிய பேனலை, சுவரில் இருக்கும் வெள்ளக் கறைக்கு ஒரு முழம் மேலே பொருத்துங்கள்.

தின்னர், பெயின்ட் வைக்கும் அறையில் ஐ.பி. 66 பெட்டி போட்டிருக்கிறோம். போதுமா? (மணலி)

போதாது, இது ஆபத்து. தண்ணீர் புகாத பெட்டி வேறு, ஃபிளேம்புரூஃப் பெட்டி வேறு. ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள் தின்னர் ஆவி போகத்தான் செய்யும். உள்ளே பொறி விழுந்து வெடித்தால் அதைத் தாங்கி, வெளியேறும் சுவாலையை மூடியின் விளிம்பிலுள்ள மெல்லிய இடைவெளியிலேயே குளிரவைத்து அணைத்துவிடுவதுதான் அதன் வேலை. எனவே அந்த விளிம்பில் பெயின்ட் அடிப்பதோ கீறல் விழவைப்பதோ எட்டு போல்ட்டில் ஆறு மட்டும் முடுக்குவதோ, பெட்டியே இல்லாததற்குச் சமம். மிக எளிய வழி: சுவிட்சுகளை அறைக்கு வெளியே மாற்றிவிடுங்கள். உள்ளே தவிர்க்க முடியாத விளக்குக்கு மட்டும் சான்று பெற்ற ஃபிளேம்புரூஃப் சாதனம் வாங்குங்கள். பெட்டியிலுள்ள தகட்டில் சான்று எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேனலுக்குள் பல்லி விழுந்து அடிக்கடி ஃப்யூஸ் போகிறது. மயிலிறகு வைத்தும் பயனில்லை. (கொருக்குப்பேட்டை)

கிளாண்ட் பிளேட்டில் (கேபிள்கள் நுழையும் தகடு) இருக்கும் காலித் துளைகளை அடையுங்கள். கதவு கேஸ்கட் நைந்திருந்தால் மாற்றுங்கள். கதவைச் சாத்துங்கள்.

பேனலுக்கு எர்த் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் கதவைத் தொட்டால் சுள்ளென்கிறது. (எண்ணூர்)

பெட்டிக்கு எர்த் இருக்கிறது, கதவுக்கு இல்லை. பவுடர் கோட்டிங் அடித்த கீலை நம்ப முடியாது. கதவிலிருந்து பெட்டிக்குப் பின்னிய செம்பு வயர் ஒன்று, பெயின்ட்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து முடுக்குங்கள். அதற்கு முன், கதவிலிருக்கும் இண்டிகேட்டர் லாம்ப் வயர் எங்கே உரிந்திருக்கிறது என்று தேடுங்கள். சப்ளையை அணைத்துவிட்டுத் தேடுங்கள். மெயினை அணைத்தாலும் உள்வரும் முனைகளில் சப்ளை நிற்காது என்று மேலே சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆட்கள் கையில் பிடிக்கும் கிரைண்டர், டிரில் ஓடும் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் அதையும் போடுங்கள்.

மோட்டார் வேலை நடக்கும்போது பேனல் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைக்கிறோம். பூட்டு அவசியமா? (தண்டையார்பேட்டை)

அவசியம். ஆளை யாராவது கூப்பிடுவார்கள், அவர் போய்விடுவார். ஹாண்டிலில் பூட்டுத் துளை இருக்கும் ரோட்டரி சுவிட்ச் வாங்கி, ஆஃப் நிலையில் பூட்டி, சாவியை மோட்டாரில் கைவைக்கும் ஆளே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. மாற்றுச்சாவி அலுவலகத்தில் இருக்கக் கூடாது.