கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் – கடிதம்

வணக்கம் சார்,

2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி 162 ஆட்டங்களில் 121இல் தோற்றது. பேஸ்பால் வரலாற்றிலேயே படுமோசமான சீசன் என்று செய்தியில் படித்தேன். 1899இல் ஒரு அணி 134 ஆட்டம் தோற்றிருக்கிறது என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனன். எது சரி? அவ்வளவு தோற்றவர்களுக்கு விளையாடத்தான் தெரியுமா?

ரா.

அன்புள்ள ரா.,

மைத்துனர் சொல்வதுதான் சரி. 1901க்குப் பிறகு நடந்ததை மட்டும் ‘நவீன காலம்’ என்று எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில், தோல்வி எண்ணிக்கையை வைத்துத்தான் வைட் சாக்ஸ் கடைசி. அதற்கு முன்னால் போனால் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ்: 20 வெற்றி, 134 தோல்வி. வைட் சாக்ஸ் நாலு ஆட்டத்துக்கு ஒன்று ஜெயித்தது. இவர்களுக்கு எட்டுக்கு ஒன்று தேறுவதே பெரும்பாடு.

ஆனால் 1898 வரை ஸ்பைடர்ஸ் நல்ல அணி. அந்த அணியின் பிட்சர், அதாவது பந்தெறிபவர், சை யங். சிறந்த பிட்சருக்கு இன்றும் வருடாவருடம் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

கோளாறு முதலாளிகளிடம். ராபிசன் சகோதரர்கள் டிராம் கம்பெனி நடத்தியவர்கள். கிளீவ்லாந்தில் கூட்டம் போதவில்லை என்ற கடுப்பில் இருந்தார்கள். 1899 சீசனுக்கு முன்னால், நொடித்துப்போன செயின்ட் லூயிஸ் அணியும் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டு கடை வைத்திருப்பவர் ஒன்றைக் காலிசெய்து சரக்கை மற்றதில் அடுக்குவதுபோல, சை யங், ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ் என்று தேறிய ஆட்களையெல்லாம் செயின்ட் லூயிஸுக்கு ஏற்றிவிட்டார்கள். இதெல்லாம் லீக் விதிப்படி தப்பே இல்லை!

மிச்சம் இருந்தவர்களைப் பார்க்க யார் வருவார்கள்? 42 உள்ளூர் ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தது சுமார் 6,000 பேர். டிக்கெட் வசூலில் கிடைக்கும் பங்கு ஹோட்டல் செலவுக்கே காணாது என்று மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வர மறுத்தன. அப்புறம் என்ன, ஸ்பைடர்ஸ்தான் ஊர் ஊராக ரயிலேறினார்கள். வெளியூரில் 112 ஆட்டம், அதில் 101 தோல்வி. ஒரு கட்டத்தில் தொடர்ந்து 24 தோல்வி. சின்சினாட்டியில் நடந்த கடைசி ஆட்டத்தில், ஹோட்டலில் சுருட்டு விற்கும் ஒருவரைப் பிட்சராக நிறுத்தி 19–3 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு லீக் 12 அணிகளை 8 ஆகக் குறைத்தபோது ஸ்பைடர்ஸும் போனது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வேறு. அதே ஆண்டு புரூக்ளின், பால்டிமோர் அணிகளும் ஒரே முதலாளிகளிடம் இருந்தன. அவர்களும் பால்டிமோரின் நட்சத்திரங்களைப் புரூக்ளினுக்கு மாற்றினார்கள். புரூக்ளின் முதலிடம் பிடித்தது. ஆனால் பால்டிமோர் ஆட்டக்காரர் ஜான் மெக்ரா புரூக்ளின் போக மாட்டேன் என்று பால்டிமோரிலேயே இருந்துகொண்டு, மிஞ்சியவர்களை மேனேஜராக வழிநடத்திக்கொண்டே தானும் ஆடினார். பால்டிமோர் 86 வெற்றியோடு நாலாவது இடம். நட்சத்திரங்களை வாரிக் குவித்த செயின்ட் லூயிஸ்? 84 வெற்றி, ஐந்தாவது.