4.40 பஸ்

வணக்கம் அம்மா,

பி.இ. முடித்து சென்னையில் நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்கே வந்துவிட்டோம். பாப்பாவுக்கு இப்போது மூன்று வயது. டெஸ்டிங்கை இனி ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 65,000 ரூபாய் கட்டி டேட்டா அனலிடிக்ஸ் ஆன்லைன் கோர்ஸ் சேரலாமா? கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. போகவர நான்கு மணி நேரம் ஆகும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைகள் வந்திருப்பது பெண்களுக்கு வரம்தானே? சில நேரம் நான் சோம்பேறியாகிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

ச., பொள்ளாச்சி

அன்புள்ள ச.,

உங்கள் மின்னஞ்சல் வந்த நேரம் இரவு 1.52. பாப்பாவைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். சோம்பேறி என்ற சொல்லை இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். கோபம் வருகிறது.

ஏஐ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதை விடுங்கள். நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். போகவர நான்கு மணி நேரம்.

ஏன் தமிழ் இலக்கியம் எடுத்தீர்கள் என்று பேட்டிகளில் கேட்பார்கள். தமிழ்ப்பற்று என்று சொல்லி வைப்பேன். உண்மையான காரணம் பஸ். 1983 இல் எனக்குக் கெமிஸ்ட்ரி இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்டுவதற்கு முன் அப்பா கிளார்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பிராக்டிகல் எத்தனை மணிக்கு முடியும்? ஐந்து மணி. டவுனிலிருந்து எங்கள் கரிசல் காட்டு ஊருக்குக் கடைசி பஸ் 4.40. "எதுல பிராக்டிகல் கிடையாது?" என்றார் அப்பா. தமிழில் கிடையாது. சேர்ந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்கு அதே கெமிஸ்ட்ரி கிடைத்தது. அவனுக்கு டவுனில் ரூம் எடுத்துக் கொடுத்தார்கள். அப்பாவைக் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் மகளைக் காலேஜுக்கு அனுப்பிய முதல் ஆள் அவர்தான்.

மூன்று வருடமும் லேப் ஜன்னலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். உள்ளேயிருந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றத்துக்கு ஏங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதனால்தான் 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தபோது, "ஓசி" என்று சிரித்தவர்களோடு சண்டை போட்டேன். அடுத்த வருடம், கல்யாணத்துக்கென்று கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேல்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் என்று மாற்றினார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் நீங்கள் ஏற வேண்டிய உக்கடம் பஸ் டவுன் பஸ் இல்லை, டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கிருந்து காந்திபுரம், அப்புறம் சரவணம்பட்டி. காசு கூடப் பரவாயில்லை, நேரத்துக்கு எங்கே போவது?

சரி, வரம் என்றீர்களே. 2024 இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு. செய்யாதவர்கள் அதில் சேர்த்தியே இல்லை. அந்த 289 நிமிடத்துக்கு நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, குக்கர் விசில் வரும்போதெல்லாம் மைக்கை மியூட் செய்வது வரமா? சிலருக்கு அது ஒரு வழி, மறுக்கவில்லை. ஆனால் பஸ் இல்லாமல் போனதைத் தமிழ்ப்பற்று என்று நாற்பது வருடம் சொன்னவள் நான். நீங்கள் வரம் என்கிறீர்கள்.

வண்டி உண்டா என்று அந்தக் கம்பெனியிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசையாக வருவதைப் பாருங்கள். செல்போன் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற பெண்களுக்கு வண்டி வருகிறது. பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்று 2000 இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, கூடவே போட்ட நிபந்தனைகளில் ஒன்று, வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட வண்டி. கோர்ட்டுக்குத் தோன்றியது நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. முடியாது என்று நாமே முடிவுசெய்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு விலகிவிடுகிறோம்.

கோர்ஸா? அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். பழைய ஆபீஸ் தோழிகளைக் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால் சரவணம்பட்டிக்கு ஒரு போன் போடுங்கள். வண்டி கிணத்துக்கடவு வரைக்கும் வருமா, இல்லை உக்கடம் வரைக்குமாவது வருமா, வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். இரவு 1.52க்கு வேண்டாம், பகலில் எழுதுங்கள். அந்த நேரம் பாப்பாவை அவள் அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.