20 மில்லிகிராம் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. வாய்ப்புற்றுக்கு ஆபரேஷன் செய்து, கரண்டும் வைத்து முடித்தோம். எட்டு மாதத்தில் கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது தினமும் மாத்திரைகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமேப் 20 மில்லிகிராம் ஊசி. வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா மகன், “இங்கே 240 போடுகிறார்கள், உங்களை ஏமாற்றுகிறார்கள்” என்கிறார். வீட்டு மனையை விற்று முழு அளவு போடலாமா? ஒரே குப்பியை இரண்டு பேருக்குப் பிரிக்கிறார்களே, கிருமி தொற்றாதா? முகமெல்லாம் பரு. தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடியிருக்கிறது. சர்க்கரையை நிறுத்திவிட்டோம், முள்சீத்தா சாறு கொடுக்கிறோம். நான்கு நாளாக வயிற்றால் போகிறது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வயிற்றால் போவதைக் கடைசியில், முள்சீத்தாவுக்கும் பிறகு எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எனக்கு அதுதான் முதல் வரி. கடிதம் கைக்கு வந்த அன்றே அலுவலகத்தில் சொல்லி உங்களுக்கு போன் செய்ய வைத்தேன். அன்று மாலையே அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். இதே ஊசி போட்டுக்கொள்ளும் மற்றவர்கள் வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நிவோலுமேப் புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்லும் மருந்து அல்ல. நம் ரத்தத்தில் இருக்கும், நோயை எதிர்க்கும் டி செல்கள் எல்லை மீறாமல் இருக்க, அவற்றின் மேல் பிடி-1 என்ற கடிவாளம் இருக்கிறது. 1992இல் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழு கண்டுபிடித்தது அது. 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்று அந்தக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்து டி செல்லை நிறுத்திவைக்கிறது. ஊசி அதை அவிழ்த்துவிடுகிறது. இம்யூனோதெரபி என்பது இதைத்தான். அவிழ்ந்த குதிரை எதிரியின் வயலில் மட்டும்தான் இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிலருக்கு அது சொந்தப் பெருங்குடலையே தாக்கும். அப்படி வரும் பேதியில் கிருமி இல்லை, நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவும் காரணம் இல்லை. குடல் சுவர் அழற்சியால் புண்ணாகிக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து ஸ்டீராய்டு, அதுவும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. புற்று வளர்வதைத் தடுக்க அவர் தினமும் சாப்பிடும் எர்லோடினிப் மாத்திரையே பலருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். அதற்குச் சிகிச்சை வேறு: மாத்திரையின் அளவைக் குறைப்பது, சில நாள் நிறுத்துவது, பேதியைக் கட்டும் மருந்து. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது என்று பிரித்துச் சொல்ல மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் உள்நோக்கிக் குழாயும் வேண்டும். மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் நின்று இதைப் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. நீங்கள் வாங்கிக் கொடுத்த லோபராமைடு போக்கை மட்டும் நிறுத்தும். உள்ளே புண் வளர்ந்தாலும், வீட்டில் எல்லோரும் “சரியாகிவிட்டது” என்று இருந்துவிடுவார்கள். இப்படி எட்டு நாள் சமாளித்துவிட்டு, குடல் ஓட்டை விழுந்த பிறகு என்னிடம் வந்த ஒரு நெசவாளரை என்னால் மறக்க முடியவில்லை.

அதோடு, அவர் வாரம் ஒருமுறை சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மாத்திரை. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் சுணங்கும். சிறுநீரகம் சுணங்கினால் மெத்தோட்ரெக்சேட் வெளியேறாமல் தங்கி, வாயிலும் எலும்பு மஜ்ஜையிலும் கை வைக்கும். மூன்றாவது மாத்திரையான, அழற்சியைக் குறைக்கும் செலிகாக்சிப்பும் சேர்ந்து சிறுநீரகத்துக்குச் சுமை ஏற்றும். இந்தக் கூட்டில் உள்ளவருக்கு நான்கு நாள் பேதி சின்ன விஷயமே அல்ல.

ஒரு கணக்கு மட்டும் நினைவில் வையுங்கள். வழக்கமாகப் போவதைவிட ஒரு நாளில் நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடினால், அல்லது எத்தனை தடவையானாலும் ரத்தமோ சளியோ கலந்து போனால், வயிறு பிடித்து வலித்தால், அன்றைக்கே போக வேண்டும். ராத்திரியானால் அவசரப் பிரிவுக்கு. அங்கே இருக்கும் டியூட்டி டாக்டரிடம் முதல் வாக்கியமாக “இம்யூனோதெரபி ஊசி போய்க்கொண்டிருக்கிறது” என்று சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் தாளைக் காட்டுங்கள். சொல்லாவிட்டால் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தாலும் இதே வேகம் வேண்டும். நுரையீரலிலும் இந்த அழற்சி வரும். ஊசியை நிறுத்திச் சில மாதம் ஆன பிறகும் வரலாம். “அளவுதான் குறைவாச்சே, பக்கவிளைவு வராது” என்று நினைக்காதீர்கள். இந்த வகை மருந்தில் பக்கவிளைவு அளவோடு கூடிக் குறைவதாகத் தெளிவாகக் காணப்படவில்லை.

சரி, இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை. பணம் இல்லாததால் அப்பாவுக்கு அரைகுறை வைத்தியம் பார்க்கிறோமா என்பதுதானே அது? இல்லை. உங்களை யாரும் ஏமாற்றவும் இல்லை.

பழைய கீமோ மருந்துகளில் அளவு ஏற ஏறப் புற்றுச் செல் சாவதும் ஏறும். அதனால் உடம்பு தாங்கும் உச்ச அளவு எது என்று தேடுவது வழக்கமானது. கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நூறு நாற்காலி போட்ட மண்டபத்தில் ஆயிரம் பேர் வந்தாலும் நூறு பேர்தான் உட்கார முடியும். நிவோலுமேப்பின் முதல் கட்டச் சோதனைகள் ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராம் வரை நடந்தன. மிகக் குறைந்த அளவுகளிலேயே டி செல்களின் பிடி-1 இருக்கைகளில் பெரும்பாலானவை நிரம்பிவிட்டன. 60 கிலோ எடையுள்ளவருக்கு 20 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 0.33. அது இந்த வரம்புக்குள்தான் வருகிறது.

இதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உங்கள் அப்பா சாப்பிடும் அதே மூன்று மாத்திரைகள். மறுபாதிக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமேப். ஓராண்டு முடிவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகள் கூடவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் இதழில் 2022இல் வெளியானது இது. நம் ஊர் வாய்களுக்கு, நம் ஊர் புகையிலை வரவழைத்த நோய்க்கு, நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்த விடை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

முழு அளவோடு இதை நேருக்கு நேர் நிறுத்தி அந்த ஆய்வு ஒப்பிடவில்லை. விமர்சனம் அங்கேதான் வருகிறது, அது நியாயமான விமர்சனமும்கூட. மாத்திரை மட்டும் பெற்ற அணிக்கு உலகெங்கும் தரப்படும் சிகிச்சை தரப்படவில்லை என்பதும் உண்மை. முழு அளவு ஊசியைச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. அதில் 361 பேர். ஓராண்டு முடிவில் ஊசி பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 16.6 சதவீதம். இரண்டு ஆய்விலும் நோயாளிகள் வேறு, கூடக் கொடுத்த மருந்துகள் வேறு. அதனால் 43 பெரிதா 36 பெரிதா என்று போட்டி வைக்கக் கூடாது. ஆனால் 20 மில்லிகிராம் என்பது வெறும் தண்ணீர் அல்ல என்பது தெளிவு. அங்கே 240 போடுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆக, ஆறு வாரத்தில் அவர்களுக்கு 720 மில்லிகிராம், உங்கள் அப்பாவுக்கு 40. பதினெட்டில் ஒரு பங்கு மருந்து, அந்த அளவுக்குச் செலவும் குறைவு.

இது ஏழை நாட்டு விவகாரம் மட்டும் என்றும் உங்கள் அண்ணன் நினைக்க வேண்டாம். புற்று மருந்துகளின் அளவைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்துவிடுகிறோமோ என்ற சந்தேகத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2021இல் ‘புராஜெக்ட் ஆப்டிமஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. புராஸ்டேட் புற்றுக்கான அபிராட்டெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் கொடுப்பதற்குப் பதில், உணவோடு 250 கொடுத்தால், அந்தப் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அதே அளவு இறங்குகிறது என்று 72 பேரிடம் காட்டியதும் அமெரிக்க மருத்துவர்கள்தான். உங்கள் அண்ணன் ‘ஆபரேஷனுக்கு முன்பே இம்யூனோதெரபி’ போன்ற செய்தி ஏதும் அனுப்பியிருந்தால், அது முதல்முறை ஆபரேஷன் செய்ய முடிகிற நிலையில் உள்ளவர்களுக்கு. உங்கள் அப்பா நிலை வேறு. வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு சுட்டியையும் அப்பா உடம்போடு பொருத்திப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. குப்பியைப் பிரிப்பது கிருமி புகாத அறையில் நடக்கிறது. 40 மில்லிகிராம் குப்பி இரண்டு பேருக்கு என்பதால்தான் ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள், நாள் தவறாதீர்கள். பரு எர்லோடினிப்பால் வருவது. பரு க்ரீம் வேண்டாம், ஈரப்பதம் தரும் களிம்பு தடவுங்கள், வெயிலில் அலையாமல் இருக்கட்டும். டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு சுரப்பு குறைகிறது என்று பொருள். அதற்கு மாத்திரை உண்டு, அதற்காக மட்டும் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது, அப்பாதான் கிடப்பார். நீரிழிவு இல்லையென்றால் பாயசமே கொடுங்கள். முள்சீத்தா புற்றைக் குணப்படுத்துவதாக மனிதர்களிடம் எந்த ஆய்வும் காட்டவில்லை, நீண்ட நாள் அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு நரம்புக் கோளாறு வந்திருக்கிறது. இன்றே நிறுத்துங்கள். காலையில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பல கேஸ் மாத்திரைகள் எர்லோடினிப் ரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடும். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். கிழமையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரை கூடவே கூடாது.

மனையை விற்காதீர்கள். என் அப்பாவாக இருந்தாலும் விற்றிருக்க மாட்டேன். இந்த நோய் திரும்பிய பிறகு, எந்த அளவில் கொடுத்தாலும் ஊசி முழுவதுமாகக் குணமாக்குவது அபூர்வம். நூற்றுக்கு 43 என்பதில் மீதி 57 பேரும் இருக்கிறார்கள். இதை உங்களிடம் மறைப்பது மரியாதை இல்லை. அவருக்குக் கிடைக்கும் மாதங்கள் வலியில்லாமல், சொந்த வீட்டில், கடன்காரர் வாசலில் நிற்காமல் கழிய வேண்டும். பேதி அடங்கி, எதனால் வந்தது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த ஊசி போடலாமா என்று உங்கள் மருத்துவர் சொல்வார். அந்த இடைவெளியில் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் அண்ணன் சொன்னது இருக்கிறது, நீங்கள் பயந்தது இருக்கிறது. அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவரைக் கேளுங்கள். பேசச் சிரமமாக இருந்தால் ஒரு நோட்டும் பேனாவும் கையில் கொடுங்கள்.