சாகடிக்காத விளையாட்டு

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்ற கடற்கொள்ளையர் புதிர்ச் சாகசக் கணினி விளையாட்டை வாங்கி இரண்டு இரவுகளில் முடித்துவிட்டேன். சிக்கிய இடங்களில் யூடியூபைப் பார்த்துக்கொண்டேன். தீவில் நரமாமிசம் தின்பவர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்கணக்காகக் கரையொதுங்கிக் கிடக்கும் ஹெர்மன் டூத்ராட் இருக்கிறார், ஆனால் நாயகன் கைபிரஷ் அநேகமாகச் சாவதே இல்லை என்பதால் பதற்றமே வரவில்லை. ஆபத்தில்லாத ஆட்டத்தில் என்ன சுவை? பழைய பதிப்பு நல்லதா, 2009 பதிப்பு நல்லதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

2009 பதிப்பில் ஒரே விசையை அழுத்திப் பழைய படங்களுக்கும் புதியவற்றுக்கும் மாறிக்கொள்ளலாம். எது நல்லது என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

சாவைப் பற்றி நீங்கள் கேட்டது நான் பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். அக்காலத்தில் சியரா நிறுவனத்தின் விளையாட்டுகளில் ஓரடி தவறினால் பாத்திரம் செத்துவிடும். ஆடுபவர் நிமிடத்துக்கொரு முறை ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டே நகர்வார். கவனமாக ஆடுபவர் சாகாமல் கடைசிவரை செல்ல முடிய வேண்டும் என்று இந்த விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். மறுவருடமே இந்த விளையாட்டு வந்தது. மங்கி தீவின் மலைவிளிம்பு உடைந்து கைபிரஷ் விழுந்ததும் ஆட்டம் முடிந்ததாகத் திரையில் ஓர் அறிவிப்பு வருமே, அடுத்த நொடியில் ரப்பர் மரத்தில் மோதி அவன் துள்ளி மேலே வந்து நிற்பானே, அது சியராவுக்குக் கொடுத்த குட்டு.

சாவு இல்லாததால் இழப்பே இல்லை என்று நினைத்துவிட்டீர்கள். வாள்சண்டையை எண்ணிப் பாருங்கள். அங்கே வெல்வது கையின் வேகம் அல்ல, நாக்கு. எதிராளி ஓர் ஏச்சை வீசுகிறான்; பொருத்தமான பதில் தெரியாவிட்டால் தோற்கிறோம். ஆனால் அந்த ஏச்சு நம்முடையதாகிவிடுகிறது. அதை இன்னொரு கொள்ளையன்மீது வீசி, அவன் வாயிலிருந்தே பதிலைக் கற்கிறோம். இப்படித் தோற்றுத் தோற்றுச் சேர்த்த பதில்களோடு வாள்வித்தகி கார்லாவிடம் போய் நின்றால், அவள் நாம் கேட்டேயிராத ஏச்சுகளை வீசுகிறாள். பழைய பதில்களில் எது புதிய ஏச்சுக்குப் பொருந்தும் என்று நாமே கண்டுகொள்ள வேண்டும். என் அக்கா இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, சரியான பதிலைப் பிடித்த கணத்தில் வீடே அதிரக் கத்தினாள். நீங்கள் தேடும் பதற்றம் அங்கேதான் இருந்தது, அதை நீங்கள் யூடியூபுக்குத் தாரைவார்த்துவிட்டீர்கள். வரிசையாகக் கிடைத்த விடைகளைச் சொடுக்கி முடித்துவிட்டு, ஆட்டத்தில் சுவை இல்லை என்று எழுதுவது நியாயமே இல்லை, தம்பி. முழுக் கணக்குப் புத்தகத்தையும் விடைப்பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய பையன் கணக்கைக் குறை சொல்வது போல இருக்கிறது.

சிக்கி நிற்பது கடினம் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து களைத்து வருபவருக்கு ஒரு புதிர் இரண்டு நாள் வழிவிடாவிட்டால் எரிச்சல்தான் வரும். அந்த இரண்டு நாளும் பேருந்திலும் குளியலறையிலும் அது மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வகை விளையாட்டின் பெரும்பகுதி அப்படித் திரைக்கு வெளியேதான் நடக்கிறது.

விடை தெரிந்துவிட்ட இதை இப்போது மீண்டும் ஆட வேண்டாம். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தைத் தொடங்குங்கள். எங்கே சிக்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். விடை சொல்ல மாட்டேன், ஆனால் கட்டாயம் பதில் எழுதுவேன்.