ஐந்து நாளில் மூன்று நாடு

அன்புள்ள சார்,

ஜூன் மாதம் வேலை விஷயமாக ஹெல்சிங்கி போகிறேன். வேலை முடிந்ததும் ஐந்து நாள் விடுப்பு இருக்கிறது. அப்படியே எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றையும் பார்த்துவிடலாம் என்று யோசனை. பழைய சோவியத் நாடுகள், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், தலைநகரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்கிறான் நண்பன். நீங்கள் போய்வந்தவர், சொல்லுங்கள். நான் சைவம், முட்டை சாப்பிடுவேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முடியுமா என்றால் முடியும். ஹெல்சிங்கியிலிருந்து எஸ்தோனியத் தலைநகர் டாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து லாத்வியத் தலைநகர் ரீகாவுக்கு பஸ்ஸில் நாலரை மணி, ரீகாவிலிருந்து லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ் இன்னொரு நாலு மணி. பின்லாந்துக்கு வாங்கும் ஷெங்கன் விசாவே போதும், மூன்றிலும் யூரோதான். லாத்வியா வந்துவிட்டதே போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் தெரியும். நானும் முதல்முறை இப்படித்தான் ஓடினேன். ஊருக்கு வந்து படங்களைப் பார்த்தால் எந்தச் சர்ச் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒரே மாதிரி என்பது தப்பு. எஸ்தோனிய மொழி ஃபின்னிஷுக்குச் சொந்தக்கார மொழி, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே சேராது. லாத்வியமும் லித்துவேனியமும் அக்கா தங்கை, அப்படியும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. லித்துவேனியத்தில் நெருப்புக்கு உக்னிஸ், கடவுளுக்கு தியேவஸ், மகனுக்கு சூனுஸ். சமஸ்கிருதம் கொஞ்சம் தெரிந்தவர் யாராவது கூட இருந்தால் பஸ்ஸில் பொழுது போய்விடும். டாலினும் ரீகாவும் ஜெர்மானிய வணிகர்கள் வளர்த்த ஊர்கள், லுத்தரன் (புராட்டஸ்டண்ட்) தேவாலயக் கோபுரங்கள். வில்னியஸோ ஒரு காலத்தில் கருங்கடல் வரை நீண்ட அரசின் தலைநகரம், கத்தோலிக்க ஊர், அலங்காரம் மிகுந்த பரோக் பாணித் தேவாலயங்கள். லித்துவேனியர்கள் 1387 வாக்கில்தான் கிறிஸ்தவத்துக்கே மாறினார்கள், ஐரோப்பாவில் கடைசியாக.

அப்புறம் அந்தப் "பழைய சோவியத் நாடு". அங்கே போய் அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கணக்கில் அது 1940இல் தொடங்கிய ஆக்கிரமிப்பு. ரீகா மார்க்கெட்டில் ஒரு பாட்டியிடம் நான் கெட்டிக்காரத்தனமாக ரஷ்ய மொழியில் நன்றி சொன்னேன், மீதிச் சில்லறையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரஷ்ய மொழி பேசுகிறவர்களும் அந்த ஊரில் நிறைய உண்டு, ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்று நமக்கு எப்படித் தெரியும்? லாத்வியத்தில் பல்தியெஸ் என்றால் நன்றி. லித்துவேனியத்தில் அச்சூ, தும்மினாலே போதும்.

மூன்றையும் உண்மையில் சேர்த்துக் கட்டுவது ஒரு சாலை. ஸ்டாலினும் ஹிட்லரும் இந்த நாடுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் 1939 ஆகஸ்ட் 23. சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1989இல் அதே தேதியில், டாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல், சுமார் 20 லட்சம் பேர் சுதந்திரம் கேட்டுக் கைகோத்து நின்றார்கள். மூன்று நாட்டையும் சேர்த்தே மக்கள்தொகை அப்போது கிட்டத்தட்ட 80 லட்சம்தான். டாலினிலிருந்து ரீகா போகும் உங்கள் பஸ் பெரும்பாலும் கடலோரச் சாலையில் போகும், அந்தச் சங்கிலி நின்றது உள்நாட்டு வழியில். இருந்தாலும் தூங்காமல் வெளியே பாருங்கள். பார்க்க பைன் மரங்களைத் தவிர ஒன்றும் இருக்காது, இதே மாதிரிக் காட்டுச் சாலைகளிலும் ஆள் நின்றிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அதனால் இந்த முறை டாலினும் ரீகாவும் போதும். லித்துவேனியாவை விட்டுவிடுங்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான், அதை ஒரு நாளில் பார்க்கச் சொல்ல மனசு வரவில்லை. ஜூன் 23, 24 மட்டும் ரீகாவில் வேண்டாம். கோடைத் திருவிழா. நான் போய் இறங்கியபோது கடையெல்லாம் சாத்தியிருந்தது, ஊரே ஓக் இலைக் கிரீடம் வைத்துக்கொண்டு நெருப்பு மூட்டக் கிராமத்துக்குப் போய்விட்டது, எனக்குக் கிடைத்தது பெட்ரோல் பங்கில் ஒரு சாண்ட்விச்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு அடை, கெஃபிரில் (மோர் மாதிரி புளித்த பால்) பீட்ரூட்டும் வெள்ளரியும் போட்ட குளிர்ந்த சூப். ரோஜா நிறத்தில் நம் பீட்ரூட் பச்சடி மாதிரியே இருக்கும், வேகவைத்த முட்டை மிதக்கும், சில இடங்களில் தொத்திறைச்சியும் போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ரீகா மார்க்கெட்டின் ஐந்து மண்டபங்களும் செப்பலின் ஆகாயக் கப்பல் கொட்டகைகளைப் பிரித்துக் கட்டியவை, 1930இல் திறந்தார்கள். பழத்துக்கும் ஊறுகாய்க்கும் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். ரொட்டி வாங்கினால் முழுசாக வாங்காதீர்கள், பாதி கேட்டாலும் வெட்டித் தருவார்கள்.