சித்திரக் கேள்வி – பதில்: மார்கழிக் கடலுக்கு எந்தக் கோடு?

கேள்வி: தரம் 4 பிள்ளைகளுக்குச் சித்திரம் எடுக்கிறேன். கோடு, வடிவம், நிறம், இழையமைப்பு (மேற்பரப்பின் சொரசொரப்பு, வழவழப்பு) என்று கரும்பலகையில் எழுதி விளக்கம் சொன்னால் கொப்பியில் அழகாக எழுதிக்கொள்கிறார்கள். வரையச் சொன்னால் மலை, சூரியன், தென்னைமரம்தான் வருகிறது. என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கை செய்து முடித்த பிறகு பெயர் சொன்னால் போதும். 40 நிமிடப் பாடவேளைக்கு ஒரு கூறு மட்டும். இரண்டைச் சேர்த்தால் இரண்டுமே நிற்காது.

கோட்டுக்கு ஏ4 தாளை நான்காக மடித்து விரிக்கச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் மார்கழி வாடைக்காற்றில் கடல். இரண்டாவதில் ஆனி மாதக் கடல். மூன்றாவதில் கரையில் குவித்துப் போட்ட வலை. நான்காவது அவரவர் விருப்பம். வள்ளம், மீன், சூரியன் எதுவும் வரக்கூடாது, கோடு மட்டும்தான். எச்பி பென்சில் வேண்டாம், அதில் எல்லாக் கோடும் ஒரே மெலிவாக விழும். தடித்த பஸ்டல் கொடுத்தால் அழுத்தம் கூடுவதும் குறைவதும் தாளில் தெரியும். அழிறப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்ததும் பக்கத்துப் பிள்ளையிடம் தாளைக் காட்டி “இதில் மார்கழி எது?” என்று கேட்க வேண்டும். சரியாகக் கண்டுபிடித்தால் கோடு பேசியிருக்கிறது.

இழையமைப்புக்கு உரசல் முறையை விடச் சுலபமானது இல்லை. பலா இலை, பனையோலைப் பெட்டி, தும்புப் பாய் ஆகியவற்றின் மேல் தாளை வைத்து மெழுகுக் கிரேயோனால் தேய்ப்பதுதான். பலர் பிழைவிடுவது இங்கேதான். சித்திரக் கொப்பியின் தடித்த தாளில் நரம்பு எழும்பாது. மெல்லிய தட்டச்சுத் தாள் வேண்டும். இலையின் முதுகுப்பக்கம் மேலே இருக்கட்டும், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். கிரேயோனின் உறையை உரித்து, படுக்கையாக வைத்து, ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பஸ்டல் மென்மையானது. பள்ளத்திலும் அப்பி எல்லாவற்றையும் மூடிவிடும். உருவம் இரட்டையாக விழுந்தால் தாளுக்கு அடியில் இலை நகர்ந்திருக்கிறது. இலையைத் துளி பசையால் மேசையில் ஒட்டுங்கள். அப்போதே பறித்த இலை சாறு விட்டுத் தாளை நனைக்கும். முதல்நாள் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்தது நல்லது.

கேள்வி: மகள் போஸ்டர் கலரில் பச்சை கலந்தால் கறுத்துப்போகிறது, ஊதா கலந்தால் மண்ணிறமாகிறது. கலர் தரமில்லையா?
— ஒரு தாய், சாம்பல்தீவு

பதில்: பெரும்பாலும் கலரில் குறை இல்லை, கலக்கும் ஒழுங்கில்தான். மஞ்சளை முதலில் எடுத்து, தூரிகை நுனியளவு நீலத்தை அதில் சேர்க்க வேண்டும். நீலத்துக்குள் மஞ்சளைப் போட்டால் எவ்வளவு போட்டாலும் நீலமே வெல்லும். ஊதாவுக்கு நீலச் சாயலுள்ள கிரிம்சன் சிவப்பு தேவை. செம்மஞ்சள் சாயலுள்ள சிவப்பில் மஞ்சளும் ஒளிந்திருப்பதால் மூன்று நிறமும் சேர்ந்து மண்ணிறமாகிறது. தண்ணீர்க் குவளை இரண்டு வையுங்கள்: ஒன்று தூரிகை கழுவ, மற்றது கலக்க. ஒரே குவளை என்றால் பத்து நிமிடத்தில் எல்லா நிறமும் சேறுதான்.

கேள்வி: சித்திரத்தில் வெளி, அதாவது உருவத்தைச் சுற்றியும் இடையிலும் உள்ள வெற்றிடம், என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?
— ஆசிரியர், மூதூர்

பதில்: திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானைப் பாராத பிள்ளை இங்கே குறைவு. நிற்கும் மானைக் கறுப்புத் தாளில் வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டவையுங்கள். பிறகு கால்களுக்கு இடையிலுள்ள வெள்ளைத் துண்டுகளுக்கு மட்டும் நிறம் தீட்டச் சொல்லுங்கள். வெட்டும்போது கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் அந்த வெள்ளை மறைந்து மான் மேசையாகிவிடும். அதனால் கால்களை விரித்து வரையவிட்டுப் பிறகு கத்தரிக்கோல் கொடுங்கள்.